இடைநிலைப் பிரெஞ்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

வெள்ளவத்தை,
சனிக்கிழமை.

பாரிஸ் மாநகரில் வதியும் அன்புள்ள மைத்துனி திலகேஸ்வரிக்கு,

உமக்கும், உமது கணவருக்கும், பிள்ளைகளுக்கும் மயூராபதி அம்மன் குறையொன்றும் வையாதிருக்க வேண்டி எழுதுவது. நானும் மகள் யதுஷாவும் இங்கு நலம். மேற்படி "நலம்" என்ற சொல் உடல்நலத்தை மாத்திரமே குறிக்கும் என்பதையும், கீழே வரும் விடயங்களுக்கு அது எவ்விதத்திலும் பாதகமாகாது என்பதையும் முதலிலேயே பதிவு செய்துகொள்கிறேன்.

ஞாயிறுதோறும் பின்னேரம் நீரும் யதுஷாவும் தொலைபேசியில் பிரெஞ்சு மொழியில் நடத்திவரும் உரையாடல் தொடர்பாக எனக்கு ஒரு முறைப்பாடு உண்டு. முறைப்பாட்டுக்கு முன் சம்பவங்களை நடந்த ஒழுங்கில் வைப்பது என் தொழில் வழக்கம். பொறுமையாக வாசிக்கவும்.

யதுஷா சட்டம் படிக்கவில்லை. அதைப் பற்றி இனிப் பேசுவதில்லையென்று உமது அக்கா பாலேஸ்வரிக்கு, அவ உயிரோடு இருந்த காலத்தில், வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே பேசவில்லை. பல்கலைக்கழகத்தில் முதலாவது அயல்மொழியாக ஜேர்மன் எடுத்தாள். சரி என்றேன். இரண்டாவது அயல்மொழியாகப் பிரெஞ்சு எடுத்தாள். நான் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் வழக்குப் பேசியிருக்கிறேன், மூன்றிலும் தோற்றுமிருக்கிறேன், நாலாவது மொழியொன்றில் தோற்கும் தேவை எனக்கு ஏற்பட்டதில்லை என்பதை எடுத்துக்காட்டினேன். "கதைக்கத்தானப்பா" என்றாள். முதல் வருடம் தொடக்கநிலை. பேரைச் சொல்லவும், நேரம் கேட்கவும், ரயிலுக்கு ரிக்கெற் எடுக்கவும் தெரிந்தால் போதும் போலிருக்கிறது, நன்றாகவே சித்தியடைந்தாள். அதற்குப் பிறகு பாலேஸ் போய்விட்டா. இரண்டாம் வருடம் இடைநிலை. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. இடைநிலையில் ஒருவர் தன்னைப் பற்றியும், தன் வீட்டைப் பற்றியும், தன் மனதில் உள்ளதைப் பற்றியும் தொடர்ச்சியாகக் கதைக்க வேண்டுமாம்.

எங்கள் வீட்டில் ஒரு விதி இருப்பது உமக்குத் தெரியும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கேளாததற்கு வாய் திறக்கக் கூடாது. சோதனைச் சாவடிக் காலத்தில் நான் ஏற்படுத்திய விதி அது. அதைக் கைக்கொண்டபடியால் இந்த ஒழுங்கையில் எத்தனையோ பிள்ளைகள் பொழுதுபடுமுன் வீடு திரும்பினார்கள். யதுஷா மழலை பேசிய வயதிலேயே அதைப் படித்துக்கொண்டாள். பிறகு சாவடிகள் எடுபட்டன, விதி எடுபடவில்லை. பாலேஸ் ஒருத்திதான் அதற்குக் கட்டுப்பட்டதேயில்லை. அடையாள அட்டையைக் கேட்ட ஆமிக்காரப் பொடியனிடம் அவனுடைய தாயாரின் நீரிழிவு எப்படியிருக்கிறதென்று சிங்களத்தில் விசாரித்துவிட்டு வந்தவ அவ.

ஆகையால் முதல் வாய்மொழிப் பரீட்சையில் நடந்தது என்னவென்றால், விரிவுரையாளர் திரு. கிளெமென்ற் (கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர், மிகவும் மரியாதையான மனிதர்) உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்று பிரெஞ்சில் கேட்க, "இரண்டு பேர்" என்றிருக்கிறாள். வீட்டில் என்ன செய்வீர்கள்? "இருப்போம்." வேறு? "வேறு இல்லை." அவர் பேனாவை வைத்துவிட்டு, "பிள்ளை, இது கோர்ட் இல்லை, உன்னை ஒருத்தரும் ரிமாண்டில வைக்கப் போறேல்லை, கொஞ்சம் கதையுமன்" என்று தமிழில் கேட்டுப் பார்த்தாராம். அப்போதும் "ஓம் சேர்" என்றுதான் சொன்னாளாம். அடுத்த பரீட்சையிலும் இப்படியே போனால் பிரெஞ்சு போய்விடும், பிரெஞ்சு போனால் சிறப்புப் பட்டமும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். இவையெல்லாவற்றையும் நான் ஒவ்வொன்றாகக் கேட்டபடியால் எனக்குச் சொன்னாள்.

நானே பயிற்சி கொடுக்கத் தீர்மானித்தேன். பிரெஞ்சுக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தாள். நான் எழுந்து நின்று வாசித்தேன். நான் வாசித்தால் அது குறுக்கு விசாரணையாகத்தான் வரும், நாற்பது வருடப் பழக்கம், என்ன செய்வது. மேல்மாடி மக்கீன் ஹாஜியார் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"என்ன லோயர், புள்ளக்கி ஏசுறீங்களா?"

"இல்லை ஹாஜியார், பிரெஞ்சு."

"என்ன பாஷையா இரிந்தாலும் ஏச்சு ஏச்சுதானே."

அத்துடன் பயிற்சியைக் கைவிட்டோம். பிறகுதான் விடயம் உம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. பாரிஸில் முப்பது வருடம் குடியிருப்பவர் நீர், பிள்ளையின் சித்தி, செலவுமில்லை என்ற அடிப்படையில் நானும் சம்மதித்தேன்.

முதல் இரண்டு ஞாயிறும் "ஓம்", "இல்லை" அளவில்தான் நடந்தது போலிருந்தது. அதன் பின்னர், திலகா, என்ன நடந்ததென்று எனக்கு விளங்கவில்லை. அறைக்குள்ளே அந்தப் பிள்ளை நிறுத்தாமல் கதைக்கத் தொடங்கினாள். கையை ஆட்டிக் கதைக்கும் நிழல் கதவுக்குக் கீழே தெரியும். சிரிப்பாள். இடையில் குரல் கம்மும், பிறகும் கதைப்பாள். நான் ஹோலில் பேப்பரோடு இருப்பேன். பாலேஸ் போன பிறகு எங்களுக்கிடையில் ஒரு நாளில் நடக்கும் பேச்சு, "சாப்பிட்டீங்களா", "ஓம்", "கதவு பூட்டினியா", "ஓம்", அவ்வளவுதான். அதே வாயிலிருந்து இவ்வளவு சொல் வருகிறது, ஒன்றாவது எனக்கு விளங்காது, அம்மாவைக் குறிக்கும் "மமான்" என்ற ஒன்றைத் தவிர. அது மட்டும் திரும்பத் திரும்ப வரும். என்னைவிட்டு அங்கே வரத் திட்டம் போடுகிறாளோ, நீர் யாராவது மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டீரோ, அல்லது என் சமையலைப் பற்றிய முறைப்பாடோ என்று சந்தேகித்து மூன்றுக்கும் மறுமொழி தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் அவளிடம் கேட்கவில்லை. என்ன பதில் வருமென்று தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. படியில் கண்ட ஹாஜியார்தான் சொன்னார், "உங்கட மிஸிஸ் மௌத்தான பொறகு இப்பதான் லோயர் கீழ ஊட்டுல சத்தம் கேக்குது. நல்லம்."

நேற்று இரண்டாவது பரீட்சை. நானும் போனேன். உள்ளே விடவில்லை, ஆகவே வராந்தாவில் நின்றேன். முடிந்ததும் திரு. கிளெமென்ற் வெளியே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்கட மகள் இவ்வளவு கதைப்பா எண்டு நான் நினைக்கவே இல்லை. நான்தான் போதும் எண்டு நிப்பாட்டினனான்."

"என்ன கதைச்சவ?"

"உங்கட வீட்டு ஞாயிற்றுக்கிழமை. பேலியகொடையில இருந்து வாற மீன்காரன் கேற்றடியில ஹோர்ன் அடிக்க, மிஸிஸ் இறங்கிப் போய், சிங்களத்தில மல்லி மல்லி எண்டு தம்பி முறை கொண்டாடி விலையை அரைவாசியாக்கிப் போட்டு, பிறகு பாவமெண்டு அவனுக்குத் தேத்தண்ணியும் குடுக்கிறது. மீன் தலை படிக்கட்டுப் பூனைக்கு. மற்றதெல்லாம் சொதிக்கு. நீங்கள் பேப்பருக்குப் பின்னால ஒளிச்சிருந்து ஒண்டும் கேளாத மாதிரி இருக்கிறது, பிறகு மூண்டாந்தரம் சொதி கேக்கிறது. நான் எத்தினையோ பிள்ளையளின்ர பரீட்சை எடுத்திருக்கிறன், ஐயா. இப்பிடி ஒரு அம்மாவைக் கொண்டுவந்து முன்னால இருத்தினது இவ ஒராள்தான். மிஸிஸுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. ஒருநாள் அந்தச் சொதிக்கு வருவன்."

யதுஷா அவருக்குப் பின்னால், பையின் வாரைப் பிடித்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை அந்த வராந்தாவிலேயே பொய்க்காரி. சொல்லாவிட்டால் நான் யார்? நான் மௌனமாக நின்றேன். மௌனம் பொய்க்கூற்று ஆகாது; சட்டம் அவ்விடயத்தில் தெளிவாக இருக்கிறது.

பஸ்ஸில்தான் கேட்டேன், "அது பொய்தானே பிள்ளை?"

"சத்தியம் எடுக்கச் சொல்லேல்லையே அப்பா." பிறகு, "சித்திதான் முதல் கேட்டவ, அம்மா ஞாயிற்றுக்கிழமையில என்ன செய்வா எண்டு. புத்தகத்தில இருக்கிற கேள்வி. கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொன்னனான்" என்றாள்.

இதுதான் என் முறைப்பாடு. திலகா, உம்மை நான் குற்றம் சொல்ல வரவில்லை, ஆனால் நீர் யோசித்துப் பாரும். இப்ப எங்கட வீட்டில ஞாயிற்றுக்கிழமை எண்டால் கடை இடியப்பப் பார்சல். மீன்காரன் எங்கட கேற்றைத் தாண்டும்போது ஹோர்னில கையை வைக்கிறதில்லை. அவ இல்லை எண்டு வங்கியில எழுதிக் குடுத்தது நான், பென்சன் கந்தோரில எழுதிக் குடுத்தது நான், கிராம சேவகரிட்டை, மின்சார சபையிட்டை, வாக்காளர் பதிவுக்கு வந்த பொடியனிட்டை, எல்லா இடத்திலயும் அவ இல்லை எண்டு சொல்லிச் சொல்லிக் கையெழுத்து வைச்சது நான் ஒருத்தன்தான். அவ இருக்கிறா எண்டு சொல்லவும் ஒரு இடம் இருந்திருக்கு, அங்க நீங்கள் ரெண்டு பேரும் கிழமைக்குக் கிழமை போய் வந்திருக்கிறியள், எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த வீட்டில நானும் பேப்பரோட இருக்கிறனாம். எனக்கு அங்க போகப் பாஷை இல்லை.

நடை சற்று இறங்கிவிட்டது, மன்னிக்கவும். எனது கோரிக்கைகள் வருமாறு. பரீட்சை முடிந்துவிட்டபடியால் ஞாயிற்றுக்கிழமை உரையாடல் இத்துடன் நிறுத்தப்பட வேண்டும். காலமானவரைப் பற்றி இருப்பவராகப் பேசுவது முறையல்ல என்று, சித்தி என்ற வகையில், நீரே அவளுக்குச் சொல்ல வேண்டும். அவள் வேறு ஏதும் உம்மிடம் சொல்லியிருந்தால், தகப்பன் அறிய வேண்டியதை மாத்திரம், தமிழில், எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

உமது கணவருக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல்லவும். அம்மன் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
உமது அத்தான்,
க. சிவபாதசுந்தரம்,
சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு.

பி.கு.: மேலே ஒரு கூற்று பிழையானது, திருத்தாமல் அனுப்ப மனம் வரவில்லை. வராந்தாவில் நான் மௌனமாக நிற்கவில்லை. வணக்கத்தைச் சொல்லச் சொன்ன திரு. கிளெமென்ற்றிடம், "ஓம், சொல்லுறன், சந்தோசப்படுவா" என்று வாய் திறந்து சொன்னேன். அவர் கேளாமலேயே, "அவ சொதிக்கு வெந்தயம் கொஞ்சம் கூடத்தான் போடுறவ" என்றும் சொன்னேன். யதுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ்ஸில் அந்தப் பேச்சுக்குப் பிறகு, பம்பலப்பிட்டியில், "வெந்தயத்தை மறந்துபோனன் அப்பா, வேற என்ன விட்டுப்போச்சு?" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லி முடியுமுன் எங்கள் இறக்கம் தாண்டித் தெகிவளைக்குப் போய்விட்டோம். திரு. கிளெமென்ற் உண்மையில் சொதிக்கு வந்தால், "அவ இப்ப வீட்டில் இல்லை" என்பேன். அது முழு உண்மை.

ஆகவே மேற்படி கோரிக்கைகள் அனைத்தும் வாபஸ் பெறப்படுகின்றன. நாளை ஞாயிறு என்பதால் இதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அசல் தபாலில் வரும். வழமையான நேரத்துக்கு எடுக்கவும். போன் ஹோலில் வைக்கப்படும். யதுஷா தமிழ் எழுத்தில் ஒரேயொரு பிரெஞ்சுக் கேள்வி எழுதித் தந்திருக்கிறாள். அக்கா இன்றைக்கு என்ன சமைக்கிறா என்று அர்த்தமாம். அதை நான் கேட்பேன். ஏசுவது போலிருந்தால் குறைநினைக்க வேண்டாம். நீர் ஆறுதலாகப் பதில் சொல்லும். எனக்கு விளங்காது, திலகா, ஆனாலும் கேட்டதுக்கு மட்டும் சொல்லிப்போட்டு நிப்பாட்டிவிட வேண்டாம்.