மூன்று மீற்றர் நடை

ஊர் முன்னால் அம்மாவை நான் அதட்டியது ஒரேயொரு தடவைதான். அதையும் விஞ்ஞானத்தின் பேரில் செய்தேன் என்பதுதான் வெட்கம்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். (யாரும் கேட்காமலே இதைச் சொல்லும் பழக்கம் அப்போது இருந்தது.) வயதானவர்கள் விழும் ஆபத்தைக் கருவியால் அளப்பதுதான் என் இறுதியாண்டு ஆய்வு. அதற்கு வாவிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரையே தேர்ந்தெடுத்தேன். நெருப்புப்பெட்டி அளவுள்ள கருவியை இடுப்பில் பட்டி போட்டுக் கட்டிவிடுவேன். கதிரையிலிருந்து எழும்பி, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து மறுபடி அமர வேண்டும். உடம்பு ஆடுகிற ஆட்டத்தைக் கணக்கிட்டு மடிக்கணினி பச்சையோ சிவப்போ காட்டும்.

அன்று பொதுமண்டபத்தில் எல்லோருக்கும் சிவப்பு.

"ஊரே விழப்போகுது சேர்" என்று பக்கத்தில் நின்ற விரிவுரையாளரிடம் சொன்னேன், ஏதோ பரிசு வாங்கியவன் போல. அவர் அப்போது நடந்துகொண்டிருந்த கணபதி மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா போகும்போது வலது காலை நொண்டினார், வரும்போது இடது காலை.

"தம்பி, கைத்தடி தருவீங்களா, சில்லு வச்ச கதிரையா?"

"ஒண்டும் தாறல்ல மாமா. சும்மா அளக்கிறதுதான்."

"இத முதல்லயே சொல்லப்படாதா?"

பட்டியைக் கழற்றிக் கையில் தந்தார். வெளியே போய்ச் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டு மிதித்தார். வரிசையில் பாதிப் பேர் அவர் பின்னால் விறுவிறுவென்று நடந்தார்கள்.

யுத்தம், சுனாமி, வெள்ளம் என்று எத்தனையோ நிவாரணப் பதிவுகளைக் கண்ட ஊர். கழுத்தில் அட்டை தொங்க ஒருவன் வந்தால் கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்ட வேண்டும். அங்கே வளர்ந்த எனக்கு மட்டும் அது மறந்துபோயிருந்தது.

மானத்தைக் காப்பாற்ற, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவைப் பிடித்தேன்.

"என்ட அம்மா நடிக்க மாட்டா. பாருங்க சேர்."

அம்மா நடந்தார். சிவப்பு. கணபதி மாமாவை விட மோசமான சிவப்பு.

"அம்மா, நடிக்காம நடங்க!"

"சரி மனே" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா மறுபடி நடந்தார். இந்தத் தடவை இன்னும் மெதுவாக, இரண்டு கைகளையும் சற்று அகட்டி வைத்துக்கொண்டு. மறுபடியும் சிவப்பு.

"பட்டி சரியா இறுகல்ல சேர்" என்று சொல்லி, அம்மாவின் பதிவை அழித்தேன்.

இரண்டு கிழமையில் அம்மா கிணற்றடியில் விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. செய்தி கேட்டு ஓடிப்போய் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்றேன். அம்மா கேட்டார்:

"இதுவும் நடிப்புத்தானோ மனே?"

வீட்டுக்கு வந்து அடுப்படிச் சுவரைப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில், கதவு வரைக்கும், கை பட்டுப் பட்டு மங்கிய ஒரு கோடு. பொங்கலுக்குத்தான் வெள்ளை அடித்திருந்தேன். போன வருசமும் இதே இடத்தில் அழுக்கு என்று எரிச்சல்பட்டது நினைவுக்கு வந்தது. அம்மா எத்தனை மாதமாகச் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறார். கருவி இரண்டு நடையில் கண்டுபிடித்ததை, ஒரே வீட்டில் சோறு தின்ற நான் காணவில்லை.

இப்போது அந்தக் கோடு இருந்த உயரத்தில் கைபிடிக் கம்பி பூட்டியிருக்கிறேன். தங்கச்சியின் குழந்தை அதற்குக் கீழே சுவரைப் பிடித்து நடை பழகுகிறது. இரண்டு எட்டு வைத்துப் பொத்தென்று குந்தும் ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்வார்:

"நடிக்காம நடங்க மனே."

சொல்வது குழந்தைக்கு. பார்ப்பது என்னை.