குதிரையின் மனசு தெரிந்தவர்

குதிரை வைத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. அடிக்கிறவன், பட்டினி போடுகிறவன், ஆசைக்கு வாங்கிக் கட்டிவிட்டு அடியோடு மறந்துபோகிறவன். இவர்களையாவது நாலு பேர் காறித் துப்புவார்கள். நான் சொல்ல வந்த ஆசாமியை அப்படித் துப்பவும் முடியாது, தட்டிக் கேட்கவும் முடியாது. ஏனென்றால் அவருக்குக் குதிரை என்றால் உயிர். அது போதாதென்று, குதிரையின் மனசு வேறு அவருக்கு அத்துப்படி!

கற்பனை செய்கிறேன் என்று நினைக்கிறீர்களா? என் மனைவியின் அண்ணன் ஒருவரே போதும். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு டைல் கீறல் விழுந்தால் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்து வேலையாளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அதே கண்தான், சாயங்காலம் லாயத்துக்குள் நுழைந்ததும் அவிந்துபோய்விடும். "அப்பா வந்துட்டேன்டா தங்கம்!" என்று குரல் கொடுப்பார். குதிரை காதைப் பின்னால் மடக்கிக்கொள்ளும். "வெட்கப்படுறான்" என்பார். பல்லைக் காட்டினால், "சிரிக்கிறான்." சேணத்தைக் கொண்டுபோனதும் கடிக்க வந்தால், "என்னை மாதிரியே ரோஷக்காரன், மாப்பிள்ளை." குதிரை என்ன சொன்னாலும் மச்சான் காதில் அது பாராட்டாகத்தான் விழும். இப்படி ஒரு காது நமக்கு இல்லையே என்று எனக்குப் பொறாமையே உண்டு.

சாப்பாட்டு விஷயத்தைக் கேளுங்கள். காலையில் கொள்ளு, பத்து மணிக்கு ஓட்ஸ், மத்தியானம் கேரட், சாயங்காலம் மறுபடியும் கொள்ளு, நடுநடுவே மச்சான் சட்டைப் பையிலிருந்து சர்க்கரைக் கட்டி, பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு ஆப்பிள், அவர்களுடைய குழந்தைகள் ஆளுக்கொரு பிஸ்கட். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றிச் சும்மாவா சொன்னார்கள்? சரி, அது குதிரையின் புத்தி. திறந்த வாயில் எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுவது யாருடைய புத்தி? இரண்டே வருஷத்தில் அது பீப்பாய்க்குக் கால் முளைத்த மாதிரி ஆயிற்று. பிடரிக்குக் கீழே ஒரு முழத்துக்குக் கொழுப்பு. "சிங்கக் கழுத்து" என்று அதற்கும் ஒரு பட்டம் வைத்தார் மனுஷன்.

லாடம் அடிக்க வருகிறவர்தான் முதலில் கவனித்தார்.

"சார், முன்னங்கால் குளம்பு ரெண்டும் கொதிக்குது. தொட்டுப் பாருங்க."

"வெயில்ல நின்னா கொதிக்காம என்னய்யா செய்யும்?"

"காலைலேர்ந்து கொட்டகைக்குள்ளதான சார் நிக்குது. காலை முன்னாடி நீட்டிக்கிட்டு பின்னாடி சாயுது பாருங்க. வலி தாங்காம நிக்கிறது சார் இது."

"யோவ், அது கம்பீரம்யா! ராஜா மாதிரி நிக்கிறான், உனக்கு வலியா தெரியுதா?"

முப்பது வருஷமாகக் குளம்பை மடியில் வைத்து வேலை செய்கிறவருக்கு அன்றோடு சீட்டுக் கிழிந்தது. காரணம் என்ன தெரியுமா? அவருக்குக் குதிரை மேல் பாசம் இல்லையாம்.

அடுத்து கால்நடை டாக்டரம்மா வந்தார். குனிந்து குளம்பை அழுத்திப் பார்த்தார், நிமிர்ந்தார், ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "கொழுப்பு ஏறி குளம்புக்குள்ள வீக்கம் வந்திருக்கு. தானியம், இனிப்பு எல்லாத்தையும் இன்னைக்கே நிறுத்துங்க. காய்ஞ்ச புல் மட்டும், அதையும் எடை போட்டுக் குடுங்க. இல்லேன்னா உள்ள இருக்கிற எலும்பு இறங்கிடும். அப்புறம் இது நிக்கவே நிக்காது."

"எங்க வீட்ல எல்லாருக்குமே கொஞ்சம் பெரிய உடம்பு, டாக்டர்" என்றார் மச்சான். குதிரையையும் சேர்த்துத்தான்! "பெத்த பிள்ளையப் பட்டினி போடச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசு வருதா?"

இருந்தாலும் டாக்டர் பேச்சுக்கு மரியாதை கொடுத்து அரை நாள் பத்தியம் காத்தார். மத்தியானம் குதிரை அவரைப் பார்த்துக் கனைத்தது. "அவன் கண்ணைப் பார்த்தா எனக்கு மனசு கேக்கல, மாப்பிள்ளை" என்று ஒரு கூடை கேரட்டோடு ஓடினார். கண்ணைப் பார்த்தார், சரி. காலையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்துக் குதிரைக்குப் பிறந்தநாள். ஆமாம், குதிரைக்குத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், லாய வாசலில் பலூன் கட்டி, நாற்காலி போட்டு, சொந்தக்காரர்கள் முப்பது பேரை உட்காரவைத்து, நடுவில் கேரட் செருகிய ஒரு கேக்கையும் வைத்துவிட்டு, மச்சானே கயிற்றைப் பிடித்துக் குதிரையை வெளியே கூட்டிவந்தார். அது ஓர் அடி வைத்தது, நின்றது, நடுங்கியது, இன்னோர் அடி வைத்தது.

"ஸ்டைலைப் பாருங்க!" என்றார்.

முற்றத்துக்கு வந்ததும் முன்னங்கால் இரண்டும் மடிந்தன. அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே தரையில் சாய்ந்தது.

"பெரியவங்கல்லாம் வந்திருக்காங்கள்ல, வணக்கம் போடுறான்!"

எல்லோரும் கை தட்டினார்கள். பொய் சொல்வானேன், நானும் தட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் கை கூசுகிறது.

"தட்டாதீங்கய்யா! நிறுத்துங்க!" என்று கத்தியது லாயம் கூட்டுகிற அம்மாள். துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்து குதிரையின் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். "மூணு நாளா இது நிக்க முடியாம நிக்குது. சொன்னா யாரு கேக்குறீங்க?"

டாக்டரம்மா வந்து சேர்வதற்குள் கேக்கில் ஈ மொய்த்துவிட்டது. குதிரை எழுந்திருக்கவில்லை. விலா ஏறி இறங்கியது, உடம்பெல்லாம் வேர்வை. மச்சான் அழுதார். நிஜமாகவே அழுதார், அதில் குறை சொல்ல மாட்டேன். அழுதுகொண்டே கேட்டார்:

"இவ்ளோ வலிச்சிருந்தா அவன் எங்கிட்ட சொல்லியிருப்பானே, டாக்டர்?"

டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

குதிரை பிழைத்தது. டாக்டரம்மாவின் கொட்டகையில் அஞ்சு மாசம் மணல் மேல் நின்று, ஊறவைத்த புல்லைத் தின்று, இளைத்து, இப்போது மெள்ள நடக்கிறது. எலும்பு இறங்கினது இறங்கினதுதான். இனி அது ஓடாது, அதன் மேல் யாரும் ஏறவும் முடியாது. மச்சான் திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? போன வாரம் என்னிடம் சொன்னார்: "அவனுக்கு ஓடுறதுல ஆரம்பத்துலேர்ந்தே இஷ்டம் இல்ல, மாப்பிள்ளை. நானும் வற்புறுத்தறதில்ல." எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை!

"எங்கண்ணனுக்கு இளகின மனசு" என்கிறாள் என் மனைவி.

நல்லவேளை, நீங்கள் குதிரை வளர்க்கவில்லை. நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், சிரியுங்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறேன். போன முறை உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தபோது, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை உங்கள் அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்களே, "நீங்களும் உக்காருங்கம்மா" என்று வந்தவர்கள் கூப்பிட்டதற்கு, "அம்மாவுக்கு நின்னு பரிமாறினாத்தான் திருப்தி" என்று சொன்னது நீங்கள்தானே? அம்மாவைக் கேட்டுவிட்டா சொன்னீர்கள்?