டெல்னா அடுக்களையில் வளர்ந்த வரலாறு

மனித உயிர் விலைமதிப்பற்றது என்று அணு விண்கலப் பயணிகள் நல வாரியம் ஒருமனதாகத் தீர்மானித்தது. எல்லா மனிதர்களின் உயிருமா என்று ஓர் உறுப்பினர் சந்தேகம் கேட்டார். பயணிகளின் உயிர் மட்டும்தான் என்று தலைவர் தெளிவுபடுத்தினார். பிறகு எல்லோரும் டீ குடித்தார்கள்.

தீர்மானத்துக்குக் காரணம் உண்டு. 'அணுகருடன்' என்ற விண்கலம் நிலாவைச் சுற்றிவரத் தயாராகிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றில் அணு உலை. உலையிலிருந்து ஒரு பக்கம் கதிர்வீச்சு, வானத்திலிருந்து மறுபக்கம் கதிர்வீச்சு. ஆகவே ஒரு பயணி பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை இவ்வளவு கதிர்தான் வாங்கலாம், அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூட வாங்கக்கூடாது என்று வாரியம் வரம்பு கட்டியது.

அந்த உலையை இயக்கும் பொறியாளராகத் தேர்வானவள் பொழியூர் புஷ்பராஜின் மகள் டெல்னா. சேதி வந்த நாளிலிருந்து புஷ்பராஜ் கடலுக்குப் போவதையே விட்டுவிட்டார். கடலில் ஆள் குறைவு. கரையில் நின்றால்தான் நாலு பேரிடம் சொல்ல முடியும்.

அவருடைய வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் இடத்தில், இரண்டையும் மிதித்துக்கொண்டு நிற்கிற வீடு அது. முற்றமும் முன்னறையும் கேரளம். அடுக்களை தமிழ்நாடு. எல்லைக்கல் அடுக்களை நிலைப்படிக்கு அடியில் கிடக்கிறது. மீன் தமிழ்நாட்டில் வெந்து கேரளத்தில் தின்னப்படும். இதுவரை இரண்டு அரசுகளும் இதற்கு ஆட்சேபம் தெரிவித்ததில்லை.

டெல்னா பிறந்தது முதல் வாங்கிய கதிரைக் கணக்கெடுக்க வாரியத்து அதிகாரி வீட்டைப் பார்வையிட வருகிறார் என்றதும் புஷ்பராஜுக்குத் தரையில் கால் பாவவில்லை. கோயில் திருநாளானாலும் கல்யாணமானாலும் முற்றத்தில் புது மணல் விரிப்பது அந்தக் கரையின் வழக்கம். பழைய மணலில் விருந்தாளியை நிறுத்தினால் ஏழு தலைமுறைக்கும் பழிப்பேச்சு தொடரும். புஷ்பராஜ் சாதாரண மணலோடு நிறுத்துகிற ஆளா? அலை ஒதுங்கும் இடத்தில் பளபளவென்று கிடக்கும் கருமணலாகப் பார்த்து அள்ளி, ஒரு டெம்போ நிறையக் கொண்டுவந்து முற்றத்தில் கணுக்கால் உயரத்துக்கு விரித்தார். மிஞ்சியதை முன்னறையிலும் விரித்தார்.

பாறசாலையில் ரயில் இறங்கி ஆட்டோவில் வந்த டெல்னா முற்றத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். கருமணலில் இயற்கையாகவே கதிர் உண்டு என்பது அணு உலைப் பொறியாளருக்குத் தெரியாதா?

“அப்பா, இத ஆரு விரிக்கச் சொன்னது?”

“ஆரு சொல்லணும்? எனக்க மவ நிலாவுக்குப் போறா. மண்ணு விரிக்காம பின்ன என்ன, பாய விரிக்கவா?”

அவள் பதில் சொல்வதற்குள் ஜீப் வந்து நின்றது. மண்டல அதிகாரி மோகனன் இறங்கினார். பின்னால் கையில் கதிர் அளக்கும் கருவியோடு உதவியாளர் ஸ்மிதா. ஸ்மிதா கருவியின் பொத்தானை அழுத்தினாளோ இல்லையோ, அது கத்தத் தொடங்கியது. கிர்ர்ரென்று ஒரே கூச்சல். வேலிக்கு அப்பால் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

“மெஷினுக்கு நல்ல பிடிச்சிட்டு” என்றார் புஷ்பராஜ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மோகனன் ஒரே தாவலில் நாற்காலியின் மேல் ஏறி நின்றார்.

“இந்த மணல் இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறது?”

“கடலு உண்டான காலம் முதல்கொண்டு உண்டு சாறே.”

மோகனன் நாற்காலியில் நின்றபடியே கணக்குப் போட்டார். நடுவில் புஷ்பராஜின் மனைவி ஆலீஸ் கொடுத்த, பால் விடாத கட்டன்சாயாவையும் நின்றபடியே குடித்தார். கணக்கு முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

“வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். வாழ்நாளில் வாங்கக்கூடிய கதிர் முழுவதையும் உங்கள் மகள் சிறுமியாகக் கோயிலில் புதுநன்மை வாங்குவதற்கு முன்பே வாங்கி முடித்துவிட்டார். வாரியத்தின் பார்வையில் அவர் நிலாவுக்குப் பலமுறை போய்த் திரும்பியவர். இனி அனுப்ப விதியில் இடமில்லை.”

ஆலீஸ் முந்தானையை இடுப்பில் செருகினாள். “ஒரு காரியம் கேக்கட்டா சாறே? அந்தக் கப்பலுக்குள்ள இந்தக் கதிரு எவ்வளவு உண்டு?”

“மிகவும் குறைவு. நல்ல கனத்தில் தடுப்புச் சுவர் வைத்திருக்கிறோம்.”

“இந்த முற்றத்த விடக் குறைவா?”

“ஒப்பிடவே முடியாது.”

“அப்ப பிள்ள அதுல ஏறி இருந்தா அவளுக்கு நல்லதில்லியா?”

“மிகவும் நல்லது. அதனால்தான் அனுமதிக்க முடியாது. வரம்பு தாண்டியவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போவதை விதி தடுக்கிறது. வீட்டிலேயே இருக்கட்டும்.”

புஷ்பராஜ் முற்றத்து மணலைக் குனிந்து பார்த்தார். மகளுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத் தன் கையாலேயே அவள் இடத்துக்கு மண் அள்ளிப் போட்டுவிட்டோமே என்று உள்ளுக்குள் குமுறினார். டெல்னா அவரைத் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அதற்குள் மோகனன் நாற்காலியோடு நகர்ந்து, மணல் இல்லாத தென்னை மரத்து மூட்டுக்குப் போயிருந்தார். அங்கேயும் கருவி அவரைப் பார்த்துக் கத்தியது. ஸ்மிதா அவரைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் காதுக்குப் பக்கத்தில் நீட்டினாள். கூச்சல் கூடியது.

“சார், உங்க காதுக்குள்ள...”

விஷயம் இதுதான். முந்தைய நாள் மோகனன் பக்கத்து ஊரான பூவாரில் ஒரு ரிசார்ட்டில் தங்கி, அங்கே இப்போது பெரிய மோஸ்தராக இருக்கும் கருமணல் குளியல் எடுத்திருந்தார். கழுத்துவரை மணலில் புதைத்து வைப்பார்கள். எழுந்திருக்கும்போது வயது குறைந்திருக்கும் என்று பலகை சொல்கிறது.

“அங்க கெடந்ததும் இதே மண்ணாக்கும்” என்றாள் ஆலீஸ்.

“அது சிகிச்சை. இது கதிர்வீச்சு” என்று மோகனன் காதைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் குரலில் பழைய கம்பீரம் இல்லை. ஏதாவது வழி இருந்தால் பார்க்கலாம் என்கிற நிலைக்கு அவர் வந்திருந்தார்.

வழியை புஷ்பராஜ்தான் கண்டுபிடித்தார். “சாறே, அடுக்கள தமிழ்நாடாக்கும்.”

மோகனனின் முகம் மலர்ந்தது. “எனது மண்டலம் கேரளம் மட்டுமே. தமிழ்நாட்டு மண்டலத்துக்கு இன்னும் அதிகாரி நியமிக்கப்படவில்லை. அதிகாரி இல்லாத இடத்தில் அளக்க ஆளில்லை. அளக்காத கதிர் இல்லாத கதிர். உங்கள் மகள் அடுக்களையிலேயே பிறந்து அடுக்களையிலேயே வளர்ந்தவர் என்றால் அவர் வாங்கிய கதிர் பூஜ்யம்.”

“அங்கதான் வளந்தா!” என்றார் புஷ்பராஜ்.

“நிரூபிக்க வேண்டும். ஒரு மீன் கறி வைக்கச் சொல்லுங்கள்.”

ஊருக்கே தெரியும், டெல்னாவுக்கு வெந்நீர் வைக்கவும் வராது. அணு உலையை உறங்கி எழுந்த கண்ணோடு இயக்குவாள், மண்ணெண்ணெய் அடுப்பைக் கண்டால் பின்வாங்குவாள். ஆனாலும் நிலா கையைவிட்டுப் போகிறதே என்று அவள் அடுக்களைக்குள் நுழைந்தாள். உள்ளே எதுவோ உடைந்தது. புகை வந்தது. கடைசியில் கறியும் வந்தது. மோகனன் ஒரு துண்டு சாளை மீனை வாயில் போட்டு, வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“பிறந்தது முதல் அடுக்களையில் இருந்தவர் வைத்த கறியா இது? நம்பும்படி இல்லையே.”

“ஏன் நம்பப்பிடாது?” ஆலீஸ் அகப்பையோடு முன்னால் வந்தாள். “நீங்க வேலைக்கு வந்த நாள்முதல் ஆபீசிலதான இருக்கிய. வேலை படிச்சாச்சா?”

ஸ்மிதா அவசரமாகக் கடலைப் பார்த்தாள். மோகனன் கோபப்படவில்லை. ஆழ்ந்து யோசித்தார். ஓர் இடத்தில் நெடுங்காலம் இருப்பதற்கும் அங்கே நடக்கும் வேலை தெரிந்திருப்பதற்கும் தொடர்பில்லை என்பதற்குத் துறையில் ஏராளமான முன்னுதாரணங்கள் இருந்தன. வாதத்தில் ஒரு ஓட்டையும் இல்லை. டெல்னா அடுக்களையில் வளர்ந்தவள் என்று அந்த இடத்திலேயே அறிவித்துவிட்டார்.

டெல்னா போனாள். நிலாவைச் சுற்றினாள். சுகமாகத் திரும்பி வந்தாள். மாதக்கணக்கில் உலைக்குப் பக்கத்தில் இருந்தும் அவள் வாங்கிய கதிர், சொந்த முற்றத்தில் இருந்திருந்தால் வாங்கியிருப்பதைவிடக் குறைவு. வாரியம் இதைத் தன் சாதனையாக அறிவித்தது.

அவள் வீட்டுக்கு வரும் நாளில் ஊர் முழுக்கப் பந்தல், பேண்டு மேளம், வெடி. புஷ்பராஜ் இந்தத் தடவை ஒரு மணல்மணிகூட விரிக்கவில்லை. ஊர்க்காரர்கள் விட்டார்களா? ஆளுக்கொரு கூடை கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள்.

டெல்னாவுக்கு முன்னால் மோகனன் வந்து நாற்காலியில் ஏறினார்.

“நம் வீராங்கனையின் உடல் இப்போது நாட்டின் சொத்து. மிச்சமுள்ள வரம்பை வீணாக்கக்கூடாது. ஆகவே முற்றத்திலும் முன்னறையிலும் அவர் கால் வைக்கத் தடை. தமிழ்நாட்டுப் பக்கத்து நீரோடி ஊர் வழியாகச் சுற்றிவந்து பின்வாசலில் நுழைந்து, அடுக்களையில் மட்டும் இருக்கலாம்.”

நிலாவைச் சுற்றியவள் மாலையும் கழுத்துமாகப் பின்வாசல் வழியே வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று ஆலீஸ் அவள் கன்னத்தைத் தடவினாள். பிறகு திரும்பினாள்.

“அப்ப இந்த மண்ணுல கெடக்கிற நாங்க சாறே?”

“நீங்களா? நீங்கள் பொதுமக்கள்” என்றார் மோகனன் கனிவுடன். “உங்களுக்கு வாரியம் எந்த வரம்பும் விதிக்கவில்லை.”

புஷ்பராஜ் அதைக் காதில் வாங்கி, ஒரு நிமிடம் உள்ளுக்குள் உருட்டிப் பார்த்தார். வரம்பு இல்லை! நிலாவுக்குப் போனவளுக்குக்கூட வரம்பு உண்டு, அவருக்குக் கிடையாது. வாழ்நாளில் எந்த ஆபீசும் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தின் நடுவில் போய் நின்றார்.

“எலே மக்கா, கேட்டியளா? நமக்கு வரம்பே கிடையாதாம்! சாறு சொல்லியாச்சு!”

ஊர் ஆரவாரித்தது. பேண்டு மேளம் எழும்பியது. யாரோ இன்னொரு கூடை மணலைக் கொண்டுவந்து அவர் காலடியில் கொட்டினார்கள். ஸ்மிதாவின் பைக்குள் கருவி அணைக்கப்படாமல் கத்திக்கொண்டிருந்தது. கைதட்டலில் அது ஒருவர் காதிலும் விழவில்லை.