யாருக்கு எத்தனை பீரியட்

"பத்து," என்றார் கணவர். "உனக்குக் கீழே ஒருத்தரும் இல்லை."

அவருடைய இடது கையில் இரண்டு குழாய்கள் செருகியிருந்தன. ஒன்றில் ரத்தம் போனது, மற்றதில் வந்தது. வலது கையில் பென்சில். மடியில் பள்ளிக்கூடத்து ஆசிரியர் பட்டியல். முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவர். ஓய்வு பெற்றபின் அவருக்கு மிஞ்சிய ஒரே அட்டவணை, திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை. அதனால் மனைவியின் பள்ளிக்கூடத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பி.டி. மாஸ்டருக்கு?" என்று கேட்டாள் ஓவிய டீச்சர்.

"பதினொண்ணு."

சுற்றறிக்கை வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நிதிச் சிக்கனத்தை முன்னிட்டு, ஒவ்வொரு பள்ளியிலும் வாரத்தில் மிகக் குறைவான பீரியட் எடுக்கிற ஒருவர் உபரி ஆசிரியர். அவரை ஆள் போதாத ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தப் பள்ளிக்கு ஒதுக்கிய ஊர் மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் பதினோரு மணி நேரம். டயாலிசிஸ் மெஷின் அங்கே கிடையாது. விசாரித்துவிட்டாள்.

"அங்கே போனா வாரத்துக்கு மூணு தடவை நான் செத்துப் பிழைக்கணும்," என்றார் கணவர். "அதுல முதல் பாதிக்கு அந்த ஊர்லயே வசதி இருக்கு."

"வாயைக் கழுவுங்க."

"லைப்ரரி யார் பார்க்கிறாங்க?"

"லைப்ரரியன் போஸ்ட்டைப் போன வருஷமே எடுத்துட்டாங்க. பூட்டிக் கிடக்கு."

"அதுல ரெண்டு பீரியட் கேளு. பன்னிரண்டு ஆயிடும். மாஸ்டர் கடைசிக்குப் போயிடுவார்."

"பாவம்ங்க அவர்."

"அவருக்கு ரெண்டு கிட்னியும் ஓடுது," என்றார் கணவர்.

மறுநாள் தலைமையாசிரியர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிகம் பேசாத மனிதர். வாடகை அறையில் தனியாக இருந்தார். கேட்டதைக் கொடுப்பார், கொடுத்ததைச் சொல்லிக் காட்ட மாட்டார்.

ஓவிய டீச்சர் லைப்ரரியைத் திறந்து தும்மி முடிப்பதற்குள் பி.டி. மாஸ்டருக்குச் செய்தி போய்விட்டது. மத்தியானம் அவர் கையெழுத்துப் பயிற்சி என்று இரண்டு பீரியட் வாங்கிப் பதின்மூன்று ஆனார். அவருடைய கையெழுத்தை அவராலேயே வாசிக்க முடியாது என்பது பள்ளிக்கூடம் அறிந்த விஷயம்.

"பாட்டு டீச்சர் போஸ்ட்டும் போயிடுச்சு இல்ல?" என்றார் கணவர். "பாட்டை எடு."

"எனக்குப் பாடவா தெரியும்?"

"பிள்ளைங்களைப் பாடச் சொல்லு. நீ தலையை ஆட்டு."

பதினான்கு. மாஸ்டர் தோட்டக்கலை என்று இரண்டு வாங்கிப் பதினைந்து ஆனார். தோட்டம் இல்லை. பிள்ளைகள் மைதானத்தில் தோட்டம் வர வேண்டிய இடத்தைச் சுற்றி நின்றார்கள்.

புதிதாக எடுத்த பீரியட் ஒவ்வொன்றாலும் அட்டவணையில் காலிக் கட்டம் ஒன்று குறைந்தது. அதில் மற்றவர்களுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்குப் போகாமலிருக்க பாத்ரூமில் ஒளிந்துகொள்கிறவர்கள் இப்போது அடுத்தவருக்கு இருமல் வந்தால், "வீட்ல போய் ரெஸ்ட் எடுங்களேன்" என்று பாசமாகச் சொன்னார்கள். அறிவியல் சார் மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பே வகுப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள நான் பாடம் நடத்திட்டிருக்கேன் சார்," என்றாள் ஓவிய டீச்சர்.

"நடத்துங்க டீச்சர். நான் இடம் பிடிச்சு வைக்கிறேன்."

தமிழ் டீச்சர், "அமைதி" என்று ஒரு பாடத்தையே கண்டுபிடித்தாள். பிள்ளைகள் பேசாமல் உட்கார வேண்டும். அதற்குப் பரீட்சை உண்டா என்று ஒரு பெண் கேட்டதற்கு, கேட்டதாலேயே ஃபெயில் என்றாள்.

எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது வாரக் கடைசியில் அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஓவிய டீச்சர் பதினான்கிலேயே நின்றாள். மாஸ்டர் பதினைந்து.

கணவர் மெஷினைப் பார்த்தபடி பென்சிலால் பட்டியலில் தட்டினார். "வண்டி அதிகமா விடணும்னா என்ன பண்ணுவோம் தெரியுமா? நடுவுல இடைவெளியைக் குறைப்போம். முக்கால் மணி பீரியடை அரை மணி ஆக்கச் சொல்லு. ஒரு நாளைக்கு எட்டு இருக்கிறது பன்னிரண்டு ஆகும்."

தலைமையாசிரியர் அதையும் ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் முடியவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரு ராஜா வெள்ளிக்கிழமை வரை பட்டத்துக்கு வரவில்லை. வாட்ச்மேன், கிளார்க் இரண்டு பதவியும் போனபின் மிஞ்சியிருந்த ஒரே ஆளான பியூன், மணியடித்து மணியடித்துத் தோளில் தைலம் தடவிக்கொண்டு வந்தான்.

"டீச்சர், நடுவுல கழிவறைக்குப் போகக்கூட எனக்கு நேரமில்லை. எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"லிஸ்ட் போற வரைக்கும்."

அன்று சாயங்காலம் கணவர் கணக்குப் போட்டார். எல்லாருக்கும் ஒன்றுக்கு ஒன்றரையாகக் கூடியிருந்தது. பதினான்கு இருபத்தொன்று ஆனது. மாஸ்டருக்கு இருபத்திரண்டரை.

"அரை பீரியடை என்ன பண்றது?"

"ஹெட்மாஸ்டர் முழுசாக்கி இருபத்திமூணுன்னு போட்டுட்டார்."

"அப்போ வித்தியாசம் ஒண்ணுலேர்ந்து ரெண்டாயிடுச்சு," என்று ஒப்புக்கொண்டார் கணவர். "இந்த மாதிரி ஒரு தடவை ரயில்வேயிலும் நடந்திருக்கு."

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தம் எதற்கென்று அவருக்குத் தெரியும். குழாய் நிற்கும்வரை அவர் பட்டியலைத் தொடவில்லை.

பட்டியல் அனுப்ப வேண்டிய நாளன்று காலையில் தலைமையாசிரியர் மேஜைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், வாரத்துக்கு மூன்று நாள், பதினோரு மணி நேரம். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"எட்டாம் வகுப்புக் கணக்கு என்கிட்ட இருக்கு. ஒன்பது பீரியட். எடுத்துக்கோங்க."

"எனக்குக் கணக்கு வராதே சார்."

"முக்கோணம், வட்டம்தானே. வரைஞ்சு காட்டுங்க."

அவள் முப்பதுடன் வெளியே வந்தாள். வாசலில் பி.டி. மாஸ்டர் கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே போனவர் ஏழாம் வகுப்புக் கணக்குடன் திரும்பினார். அதுவும் ஒன்பது.

சாயங்காலம் கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ அவருக்கு எத்தனை?"

"அவர் ஹெட்மாஸ்டர். அவரை யார் எண்ணப் போறாங்க?"

"அந்தச் சுற்றறிக்கையைக் கொடு."

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடிக்குறிப்பு வரை படித்தார். பிறகு விரலை வைத்துக் காட்டினார். *தலைமையாசிரியர் உட்பட.*

"ரெண்டு ஒன்பது பதினெட்டு. அரை மணி ஆக்கறதுக்கு முன்னாடி அவருக்குப் பன்னிரண்டு இருந்திருக்கு," என்றார் மெதுவாக. "நீ பாட்டு எடுத்த அன்னைக்கே தப்பிச்சுட்ட. அதுக்கப்புறம் நாம ஓடினதெல்லாம் காலி வண்டி."

"இப்போ அவருக்கு?"

"சைபர்."

அன்றிரவு இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் ஒரு நல்ல மனுஷனைத் தண்டவாளத்துல தள்ளிவிட்டுட்டேன்," என்று கணவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை அவள் மறுக்கவில்லை.

மறுநாள் மணியடிக்கும் முன்பே போய் நின்றாள். "சார், கணக்கைத் திருப்பி எடுத்துக்கோங்க. எங்களால உங்களுக்கு..."

"லிஸ்ட் நேத்தே போயாச்சு டீச்சர்."

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?"

"யாராவது ஒருத்தர் போகத்தானே வேணும்," என்றார் அவர், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

ஒன்பதாம் நாள் மாறுதல் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடமே கேட்டுக்கு வந்துவிட்டது. பி.டி. மாஸ்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அறிவியல் சார் தன் பீரியட்டில் இரண்டைத் தருவதாகச் சொன்னார். அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் அங்கே யாரும் இல்லை. கணவரும் ஆட்டோ பிடித்து வந்து, தலைமையாசிரியரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

தலைமையாசிரியர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் மெல்லக் குலுங்கின. ஒரு பெட்டி, ஒரு படுக்கைச் சுருளுடன் பஸ் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்கமாட்டார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

பஸ் தெருமுனை தாண்டிய பிறகும் ஓவிய டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பியூன் மட்டும் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தான்.

"உனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லையா?" என்றாள் அவள்.

"எதுக்கு டீச்சர்? அவர் சம்சாரம், பிள்ளைங்க, வீடு எல்லாம் அந்த ஊர்லதான் இருக்கு. பதினாலு வருஷமா அங்கே மாறுதல் கேட்டு மனுப் போட்டுப் பார்த்தார், ஒண்ணும் நடக்கலை."