கறுப்பு ராஜாவுக்கு ஏழு கூட்டம்

வெள்ளை ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், முதல் நகர்த்தலிலேயே இரண்டு கட்டம் தாண்டி வந்து நின்றால் கறுப்பு என்ன பதில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வியோடு உலக மேதைகள் நூறு வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறார்கள். சிவகாசி எட்டுத்திக்கு பயர் ஒர்க்ஸ் ஏழே கூட்டங்களில் விடை கண்டுவிட்டது. அதுவும் 2005-ஆம் வருஷம், தீபாவளி சீசன் உச்சத்தில், டீயும் முறுக்குமாக.

விருதுநகரில் கம்பெனிகளுக்கு இடையிலான செஸ் போட்டி. எட்டுத்திக்கின் சார்பில் ஆடியவள் பதினாலாம் ஷெட்டில் சரம் பின்னும் பாண்டிச்செல்வி. வயது இருபது. பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஆடி, பத்தாவதோடு ஷெட்டுக்கு வந்தவள். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு ஆளாகச் சாய்த்து பைனலுக்கு வந்துவிட்டாள். பைனலில் அவளுக்குக் கறுப்புக் காய். எதிராளியோ எப்போதும் ராணிச் சிப்பாயைத்தான் முதலில் தள்ளுகிறவன்.

"ஜெயிச்சிட்டு வாத்தா. என்ன கேட்டாலும் தாரேன்" என்றார் முதலாளி இராமகிருஷ்ணன்.

என்ன கேட்பது என்று பாண்டிச்செல்வி யோசிக்கவே இல்லை. பதினாலாம் ஷெட்டின் மேற்குக் கதவைக் கேட்க வேண்டும். விதிப்படி அந்த ஷெட்டில் நாலு பேர், இரண்டு கதவு. சீசன்படி ஒன்பது பேர், ஒரு கதவு. இன்னொரு கதவை மறித்துக் கிப்ட் பாக்ஸ் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் நின்றன. அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்தில்தான் அவளுடைய அம்மா சோலையம்மாள் உட்காருகிறாள். முழங்கால் வலிக்காரி. எழுந்து நிற்கவே இரண்டு நிமிஷம் ஆகும். ஒரு பொறி விழுந்தால் அவள் எப்படி வெளியே ஓடுவாள்? போர்மேன் மாரிக்கண்ணனிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. "கவனத்தில் இருக்கு" என்று மூன்று தடவையும் சொன்னார். இன்னமும் கவனத்திலேயேதான் இருக்கிறது.

ஆனால் செஸ் விஷயத்தில் நிர்வாகம் ஒரு நாளைக்கூட வீணாக்கவில்லை. "கறுப்புத் தற்காப்புத் தேர்வுக் கமிட்டி" உடனே அமைந்தது. தலைவர் முதலாளி. செயலாளர் மேனேஜர் தங்கப்பாண்டியன். உறுப்பினர் போர்மேன். மூவரில் குதிரை எப்படித் தாவும் என்று தெரிந்தவர் எவருமில்லை. ஆகையால் பாரபட்சத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று.

மேனேஜர் பிரவுசிங் சென்டரில் நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து வந்து வாசித்தார்.

"டச்சுத் தற்காப்புன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி."

"டச்சுக்காரன் நமக்கு ஒரு ஆர்டராவது குடுத்திருக்கானா?"

"இல்ல அண்ணாச்சி."

"அப்புறம் அவனுக்கு எதுக்குய்யா விளம்பரம்? அடுத்தது."

"ராணிக் காம்பிட் மறுப்பு. அவன் ஒரு சிப்பாயச் சும்மா குடுப்பான். நாம வேண்டாம்னு சொல்லணும்."

முதலாளியின் முகம் சிவந்தது. "சீசன் நேரத்துல வார சரக்க வேண்டாங்கதா? வெளங்குமாய்யா கம்பெனி?"

"அப்ப அத ஏத்துக்கிடுத வகையும் இருக்கு."

"சும்மா குடுக்கவன நம்பலாமா? நாம என்னைக்காவது யாருக்காவது சும்மா குடுத்திருக்கோமா?"

இரண்டு வகையும் தள்ளுபடி. ஐந்தாம் கூட்டத்தில், "கிங்ஸ் இந்தியன்" என்ற பெயரை மேனேஜர் வாசித்ததும் முதலாளி எழுந்தே நின்றுவிட்டார். ராஜாவும் இருக்கிறார், இந்தியாவும் இருக்கிறது. லேபிளில் போட்டால் எடுப்பாக இருக்கும். ஏகமனதாக நிறைவேறியது.

கடைசியாக ஒரு சம்பிரதாயத்துக்கு ஆட்டக்காரியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நான் எப்பவும் ஆடுறது அதான் மொதலாளி" என்றாள் பாண்டிச்செல்வி.

"பாத்தீகளா, நம்ம முடிவ அது ஏத்துக்கிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே போர்மேன் அதை மினிட்ஸில் எழுதினார்.

ஆறாம் கூட்டத்தில்தான் இடி விழுந்தது. ஊருக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற சிவகாசியில், காலண்டரைப் பார்க்காமல் ஒரு ராஜாவை நகர்த்தலாமா? பைனல் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம். மேனேஜர் திசைகாட்டியோடு விருதுநகருக்கு பஸ் ஏறி, மண்டபத்தை அளந்து வந்தார். கறுப்புக்காரி வடக்கே பார்த்து உட்காருவாள். ராஜா பத்திரமாக யானைப் பக்கம் ஒதுங்கிக் கோட்டை கட்ட இடது கைப்பக்கம் போவார். அதாவது, நேரே மேற்கே.

"சூலத்துக்கு எதிரயா அனுப்புதீக, ராஜாவ?" முதலாளி கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தார். "அவருக்கு ஒண்ணுன்னா யாருய்யா பதில் சொல்லுதது?"

ஏழாம் கூட்டம் அதற்கும் வழி கண்டது. மேற்குச் சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம் என்று காலண்டரிலேயே போட்டிருந்தது. தீர்மானம் எண் 31: கோட்டை கட்டும் முன் ஆட்டக்காரி வாயில் ஒரு துண்டு வெல்லம் போட்டுக்கொள்ள வேண்டியது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்செல்வி வெல்லத்தை வாயில் அதக்கிக்கொண்டு கோட்டை கட்டினாள். நடுவர் முறைத்தார். கமிட்டி முன்வரிசையில் நின்று கைதட்டியது. ஆட்டம் மூன்று மணி நேரம் இழுத்தது. காய்கள் வெட்டுப்பட்டுக் குறைந்தன. நடுவில், யாருக்கும் புரியாமல், ஓரத்துச் சிப்பாய் ஒன்றை அவள் ஒரே ஒரு கட்டம் முன்னால் தள்ளிவைத்தாள். பத்து நகர்த்தல் கழித்து அவளுடைய யானை எதிரியின் கடைசி வரிசையில் போய் இறங்கியது. வெள்ளை ராஜாவுக்கு முன்னால் அவருடைய சொந்தச் சிப்பாய்கள் மூன்று பேர், அடுக்கிவைத்த மாதிரி அசையாமல் நின்றார்கள். ஓட இடமில்லை. செக்மேட்!

வேனில் திரும்பும்போது கோப்பை முதலாளியின் மடியில் இருந்தது.

"ஏத்தா, அந்த ஓரத்துச் சிப்பாய எதுக்குச் சும்மா ஒரு கட்டம் தள்ளுன?"

"அது ராஜாவுக்குப் பின்கதவு, மொதலாளி. அவசரம்னா வெளிய போக வழி வேணும்லா? அந்த அண்ணன் வழி வைக்கல. சொந்த ஆளுகளே மறிச்சிட்டாங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "எம்புட்டு அறிவு! முன்யோசனன்னா இதுய்யா! கேளு தாயி, என்ன வேணும்?"

"பதினாலாம் ஷெட்டு மேக்குக் கதவு, மொதலாளி. பொட்டிய எடுத்துட்டுத் தெறந்து விடணும். எங்கம்மாவால ஓட முடியாது."

முதலாளி மடியிலிருந்த கோப்பையைத் துண்டால் துடைத்தார். பிறகு பெருந்தன்மையோடு தலையசைத்தார். "கமிட்டியில வச்சிருவோம்."

சொன்ன சொல் தவறவில்லை. எட்டாம் கூட்டம் மறுநாளே கூடியது. முதல் தீர்மானம், வெற்றியின் நினைவாக "கறுப்பு ராஜா" கிப்ட் பாக்ஸ் வெளியிடுவது. புதுப் பெட்டிகளை இடவசதி கருதிப் பதினாலாம் ஷெட்டில் அடுக்குவது. இரண்டாம் தீர்மானம், கதவு. அது மேற்குக் கதவு. வெள்ளியும் ஞாயிறும் மேற்கே சூலம். அந்தக் கதவு வழியாக ஆட்களை ஓடவிடுவது அவர்களுக்கே நல்லதல்ல என்று கமிட்டி கவலையோடு பதிவு செய்தது. எனினும் தொழிலாளர் நலன் கருதிப் பரிகாரம் அனுமதிக்கப்பட்டது.

சாயங்காலம் மாரிக்கண்ணன் ஒரு முழு மண்டை வெல்லத்தைக் கொண்டுவந்து ஷெட்டில் வைத்தார். "ஒம்பது பேருக்கும் தாராளமா வரும்" என்றார்.

பாண்டிச்செல்வி வெல்லத்தைப் பார்த்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். பெட்டி ஒவ்வொன்றிலும் கறுப்பு ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா முழங்காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, சூலம் குறுக்க நின்னா வெல்லம் திங்கலாம். பொட்டி குறுக்க நின்னா என்னத்தத் திங்க?"

மாரிக்கண்ணன் கடமை தவறாதவர். ஆபீசுக்குப் போய் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராகு காலம் இருந்தது, குளிகை இருந்தது, எமகண்டமும் இருந்தது. பெட்டி குறுக்கே நிற்பதற்கு மட்டும் பரிகாரம் போடவில்லை. மரத்தால் செய்த ஒரு ராஜா தப்பிக்க ஏழு கூட்டம் கூடிய எட்டுத்திக்கு கம்பெனியில், ஒன்பது பேர் தப்பிக்க இன்றைக்கும் ஒரே வாசல்தான்.