அரவை மிஷின் விவகாரம்

பெட்டியைத் திறந்த தய்சீர் உடனே அதை மூடிவிட்டு, மேலே ஒட்டியிருந்த பெயரை இன்னொரு தடவை படித்தான். பெயர் சரிதான். அரீஜ், ஊர் இர்பித் பக்கம் அய்தூன். மறுபடி திறந்து பார்த்தான்.

அவன் அனுப்பியது புத்தம்புது காபி அரைக்கும் மிஷின். நிறம் பிடிக்கவில்லை என்று எழுதி அந்தப் பெண் திருப்பியிருந்தாள். ஆனால் பெட்டிக்குள் இருந்ததோ மூடி விரிசல் விட்டு, வயரில் டேப் சுற்றி, ஏலக்காய் வாசம் ஊறிப்போன ஒரு கிழட்டு மிஷின்.

ஆன்லைன் சந்தையில் பல வருஷமாகக் காபி மிஷின் விற்கிறவன் அவன். வீட்டு முன்னறைதான் கடை, கிடங்கு எல்லாம். அவன் வெளியே போயிருக்கும்போது வரும் பெட்டிகளை அம்மா வாங்கி வைப்பாள். இன்று காலையும் அப்படித்தான். ஏமாற்றுப் பேர்வழிகள் அவனுக்குப் புதிதல்ல. ஒரு மகராசன் மிஷினுக்குப் பதில் செங்கல் வைத்து அனுப்பினான். இன்னொருத்தி நோன்பு மாதம் முழுக்க அரைத்துத் தள்ளிவிட்டு, பெருநாள் முடிந்த கையோடு "பிடிக்கவில்லை" என்று திருப்பினாள். இரண்டு தடவையும் சந்தைக்காரர்கள் வாங்கியவர் பக்கம்தான் நின்றார்கள். இவன் வயிறெரிந்ததோடு சரி. இந்தத் தடவை விடப்போவதில்லை என்று முடிவு கட்டினான்.

கிழட்டு மிஷினை நாலு பக்கமும் படமெடுத்து சந்தைக்காரர்களுக்கு அனுப்பினான், அவள் பேரோடு திருடி என்று எழுதி வெளியிலும் போட்டான். ஆச்சரியமாக, சந்தைக்காரர்கள் நம்பிவிட்டார்கள். அரீஜின் கணக்கை முடக்கினார்கள். தய்சீர் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

மறுநாள் சமூக வலைதளத்தில் இருந்த அவன் கடைப் பக்கத்தில் அரீஜ் எழுதியிருந்தாள்: "படத்தில் சிவப்பு, கையில் வந்தது வெல்லப்பாகு நிறம். உபயோகிக்காமல் அப்படியே திருப்பினேன். அதற்கு இந்தக் கடைக்காரர் கொடுத்த பட்டம், திருடி." அதன் கீழே ஊரே திரண்டு வந்து தய்சீரைத் திட்டியிருந்தது. ஆர்டர்கள் நின்றன. போதாததற்கு அவதூறு என்று அவள் புகாரும் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமைக்குள் அவளாக அதைத் திரும்பப் பெறாவிட்டால் கடையை இழுத்து மூடிவிடுவோம் என்று சந்தைக்காரர்களிடமிருந்து ஓலை வந்தது. அவனும் அம்மாவும் சாப்பிடுவதே அந்தக் கடையில்தான்.

பதமாகப் பேசிச் சரிக்கட்டிவிடலாம் என்று போனில் கூப்பிட்டான்.

"உங்களைச் சொல்லலைங்க. வீட்ல வேற யாராவது தெரியாம மாத்தி வெச்சிருக்கலாம். அம்மா, பெரியவங்க, அந்த மாதிரி."

"ஓ. அப்ப நான் திருடி இல்ல, எங்கம்மா திருடி. அப்படித்தானே?"

போன் வைக்கப்பட்டது. அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா, பெற்றவர்களையெல்லாம் எதற்கு வம்புக்கு இழுக்கிறாய் என்று அவனைத் திட்டிவிட்டு உள்ளே போனாள்.

சரி, இனிப்பு கொடுத்தால் மனசு இளகாதா என்று ஊரின் நல்ல கடையில் ஒரு தட்டு குனாஃபா வாங்கி அனுப்பினான். சாயங்காலமே அது திரும்பி வந்தது. கூடவே போனுக்கு ஒரு வீடியோ. முக்காடிட்ட ஒரு பெண் குனாஃபாவைத் தராசில் வைக்கிறாள், எடையைக் காட்டுகிறாள், தட்டை நாலு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு நாடா கட்டுகிறாள். "நல்லாப் பாத்துக்குங்க கடைக்காரரே. நாளைக்கு ஒரு துண்டு குறையுதுன்னு படம் போட்டுடாதீங்க."

தய்சீர் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். தான் சிரித்துக்கொண்டிருப்பது நடுவில்தான் அவனுக்கே உறைத்தது. வியாழக்கிழமை ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். பெரியப்பாவைக் கூப்பிட்டு ஜாஹா போய்விடலாம் என்றாள்.

கொலைப் பகைக்கும் கல்யாணத்துக்கும்தான் எங்கள் ஊரில் பெரியவர்கள் கூட்டமாக ஜாஹா போவார்கள். காபி மிஷினுக்காக எவனும் போனதில்லை. ஆனால் பெரியப்பா அபூ காலிப் குஷியாகிவிட்டார். நாற்பது வருஷமாகக் குடும்பத்துப் பையன்களுக்கெல்லாம் பெண் கேட்டவர் அவர். அவர் கேட்டு மறுத்த வீடு கிடையாது. சமீபத்தில் கல்யாணம் எதுவும் அமையாமல் வாய் நமநமவென்றிருந்தது மனுஷருக்கு. இரண்டு வேன் நிறைய ஆட்களைத் திரட்டிவிட்டார், எல்லாரும் கறுப்பு அங்கி போட்டவர்கள். மன்னிப்பு கேட்க வேண்டும், புகாரைத் திரும்பப் பெறச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று வேனில் தய்சீர் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்டுவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாடிப்படியில் ஏறிவந்த அங்கிக் கூட்டத்தைப் பார்த்து அரீஜின் அப்பா அபூ வஜ்தி வெலவெலத்துப் போனார். பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்தன. காபி ஊற்றினார்கள். பெரியப்பா தன் கோப்பையைக் குடிக்காமல் முன்னால் வைத்தார். எல்லாரும் வைத்தார்கள். வந்த காரியத்துக்குச் சரி என்ற பதில் கிடைக்கும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள்.

பெரியப்பா எழுந்து தொண்டையைச் செருமினார். ஆண்டவனைப் புகழ்ந்தார். நபிக்கு வாழ்த்துச் சொன்னார். அபூ வஜ்தியின் அப்பாவை, தாத்தாவை, அவர்கள் வீட்டு உப்பைப் புகழ்ந்தார். குரல் சூடேற ஏற, நாக்கு நாற்பது வருஷமாக ஓடிப் பழகிய பாதையிலேயே ஓட ஆரம்பித்தது.

"ஆகவே, எங்க பையன் தய்சீருக்கு உங்க அருமை மக அரீஜைப் பெண் கேட்டு வந்திருக்கோம்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார்.

தய்சீர் முகத்தில் ஈயாடவில்லை. பெரியப்பாவின் அங்கியைப் பிடித்து இழுத்தான். பையனுக்கு வெட்கம் என்று நினைத்து அவர் அவன் கையைத் தட்டிக்கொடுத்தார். குறுக்கே பேசித் திருத்தவும் வழியில்லை. உங்கள் பெண் எங்களுக்கு வேண்டாம் என்று அத்தனை பேர் நடுவே சொன்னால், அந்த அவமானத்துக்கு மன்னிப்பு கேட்க இன்னொரு ஜாஹா வர வேண்டியிருக்கும்.

மன்னிப்பை எதிர்பார்த்திருந்த அபூ வஜ்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெண்ணைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். குசுகுசுப்பு நீண்டுகொண்டே போனது. கடைசியில் அரீஜே கூடத்து வாசலுக்கு வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணுதான் வேணும்" என்றாள். "என்னைப் பத்தி எழுதினதை ஊரே படிச்சிருக்கு. இத்தனை பெரியவங்க முன்னால இவரே சொல்லட்டும். நான் திருடியா, இல்லையா?"

தய்சீர் எழுந்தான். விரிசல் விட்ட மூடி கண்முன்னால் வந்தது. கூடவே கடையும் வந்தது, தராசில் வைத்த குனாஃபாவும் வந்தது. எதிரே நின்றவளின் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தான்.

"இல்ல" என்றான்.

"பின்வரிசைக்குக் கேக்கல" என்றாள் அரீஜ்.

"இல்லைங்க. நீங்க திருப்பி அனுப்பினது நல்ல மிஷின்தான். தப்பு என்னோடது."

இத்தனை பெரிய மனிதர்கள் நடுவில் இப்படிக் கூசாமல் பொய் சொல்ல வருகிறதே என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அரீஜ் அப்பா பக்கம் திரும்பி, எல்லாரையும் காபி குடிக்கச் சொல்லுங்கள் என்றாள். ஆறிப்போன காபியை மொத்தக் கூட்டமும் ஒரே மடக்கில் குடித்தது. உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள்.

வேன் வீடு போய்ச் சேர்வதற்குள் அவள் புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டாள். கடைப் பக்கத்தில் புதிதாக எழுதியும் இருந்தாள்: "கடைக்காரர் நேரில் வந்து ஒப்புக்கொண்டார். யோக்கியமான மனுஷர். மிஷின் நிறம் மட்டும் இப்போதும் வெல்லப்பாகுதான்." தய்சீர் அதைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினான். இறங்கும்போது அவர் கன்னத்தில் முத்தமும் கொடுத்தான்.

அம்மாவுக்குச் சேதி முன்பே வந்துவிட்டது. மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், பிறகு காபி கொண்டுவந்தாள். தய்சீர் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருக்கும்மா. நல்ல பொண்ணு, தைரியமான பொண்ணு. ஒண்ணுதான் உறுத்துது. கல்யாணம் முடியட்டும், கோவப்படாம அவகிட்டயே கேட்டுடுவேன், அந்தக் கிழட்டு மிஷின் எப்படி என் பெட்டிக்குள்ள வந்துச்சுன்னு."

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். தெருக்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதை மட்டும் அவகிட்ட கேட்டுத் தொலைக்காதடா. அவ அனுப்பின புதுசை எடுத்து அடுப்படியில வெச்சுக்கிட்டு, என் பழசைப் பெட்டிக்குள்ள போட்டு மூடினது நான்தான்."