கொம்புக் கிரகமும் சிலுப்பாத கிடாவும்

பெற்ற பிள்ளை அறிவாளியாக இருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்பவர்கள், எந்த விஷயத்தில் அறிவாளியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லவில்லை. அதனால்தான் எங்கள் குலதெய்வக் கோயிலில், சொந்தபந்தம் அத்தனையும் கறிச்சோற்றுக்குக் காத்திருக்க, நான் ஒரு வெள்ளாட்டுக் கிடாவின் முன்னால் கைகூப்பி நின்று, "சிலுப்பிரு ராசா, ஒரே ஒரு தடவை சிலுப்பிரு" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று.

தீபாவளி முடிந்தால் சிவகாசியில் பட்டாசு கம்பெனிகள் கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். "சீசன் முடியட்டும்" என்று வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட கல்யாணம், காதுகுத்து, பழைய சண்டை எல்லாம் அப்போதுதான் நடக்கும். என் கணவருக்கு அப்படி ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை. மகள் அபிக்கு அப்போது ஐந்து வயது. அவள் எடை குறைந்து பிறந்தபோது, பிள்ளை பிழைத்தால் காதுகுத்து அன்றைக்குக் கிடா வெட்டுவதாக என் மாமியார் கருப்பசாமிக்கு நேர்ந்திருந்தார். அந்தக் கிடா முன்கூட்டியே எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தது. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு பார்வை.

கணவரின் பெரியப்பாதான் (எனக்குப் பெரிய மாமா) குடும்பத்தில் பூசை காரியங்களுக்குத் தலைவர். கிடாவின் முதுகைத் தட்டியபடி அபிக்கு அவரே பாடம் எடுத்தார்.

"இது மேல தண்ணி தெளிப்போம் தாயி. உடம்பச் சிலுப்புச்சுன்னா சாமி உத்தரவு குடுத்துட்டாருன்னு அர்த்தம். அப்புறந்தான் வெட்டு."

"சிலுப்பலைன்னா?"

"சிலுப்பாத கிடா இந்தப் பூமியிலயே கெடையாது தாயி."

அந்த நிமிஷமே நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். கவலைப்படுவதுதான் என் முழுநேர வேலையும்கூட. ஆனால் அன்றைக்கு, பிள்ளையின் தலையில் வெயில் படுகிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நேரம் பார்த்து விருதுநகரிலிருந்து என் தம்பி செந்தில் வந்தான். தமிழில் பேசும் இங்கிலீஷ் படங்கள் என்றால் உயிரை விடுவான்.

"அக்கா, 'கொம்புக் கிரகம்' ரெண்டாம் பாகம் வந்திருக்கு. பாப்பாவக் கூட்டிட்டு வா."

"முதல் பாகம் பாக்காம எப்படிடா புரியும்?"

"முதல் பாகத்துல மனுசங்க ஆடுங்க ஊருக்குப் போறாங்க. இதுல ஆடுங்க மனுசங்க ஊருக்கு வருது. அம்புட்டுதான்க்கா கதை."

ஐந்து வயதுப் பிள்ளையை இதற்குக் கூட்டிப் போகலாமா? கற்பனைத்திறன் வளரும் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். ராத்திரி படுக்கையை நனைக்கும் என்று இன்னொன்றில் படித்திருந்தேன். இரண்டையும் யோசித்துவிட்டு, மாற்று உடுப்போடு கிளம்பினேன்.

சும்மா சொல்லக்கூடாது. நான் பார்த்த படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விண்கலம் ஒன்று நம் பூமியில் இறங்குகிறது. கண்ணாடி போட்ட பெண் ஆடு ஒன்று (அது டாக்டர்), அதன் கணவர், கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒரு குட்டி என்று மூன்று பேர் இறங்குகிறார்கள். அதிகாரிகள் அவர்களை ஒரு மண்டபத்தில் அடைத்து வைத்து, கொம்பை அளக்கிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள், இவர்களை என்ன செய்வது என்று இவர்கள் எதிரிலேயே விவாதிக்கிறார்கள். டாக்டரம்மாவின் முதுகில் ஜிப் தெரிந்தது. வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் போனது. விலங்கியல் படித்த எனக்கு இன்னொன்றும் உறுத்தியது: ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, இந்த அம்மாவுக்கோ முத்து முத்தாக வரிசைப்பல். ஆனால் அவர் எழுந்து நின்று பேசியதும் எல்லாம் மறந்துபோனது.

"ஐயா, கேள்வியை என்னிடம் கேளுங்கள். பதிலையும் என்னிடமே வாங்கிக்கொள்ளுங்கள். தலையசைத்தால் சம்மதம். அசைக்காவிட்டால் சம்மதம் இல்லை. இதுகூடவா உங்கள் கிரகத்தில் கிடையாது?"

தியேட்டரே விசிலடித்தது. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (கல்யாணமாகி அப்போது ஆறு வருஷம். இட்லியா தோசையா என்றுகூட என்னை யாரும் கேட்டதில்லை.) மடியில் இருந்த அபி அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அம்மா, நம்ம கிடாவும் படிச்சா அந்த டாக்டர் மாதிரி ஆகுமா?"

கற்பனையைக் கிள்ளி எறியக்கூடாது அல்லவா? "சொல்லிக் குடுத்தா எல்லாருக்கும் எல்லாம் வரும் கண்ணு" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அபி ஒரு சொம்புத் தண்ணீரோடு கொல்லைக்குப் போய்விடுவாள். கிடாவின் மேல் தெளிப்பாள். "அசையக் கூடாது!" என்று மிரட்டுவாள். பிறகு உள்ளே ஓடிவந்து என்னிடம் பிஸ்கட் கேட்பாள். நானும் கொடுப்பேன். "ஆட்டைக் குளிப்பாட்டுறா. என்ன சுத்தம் பாருங்க, என்ன பாசம் பாருங்க" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். மணி அடித்துச் சோறு போட்டால், பிறகு வெறும் மணிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்ற பாடத்தைக் கல்லூரியில் படித்து, பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்தவள் நான். என் வீட்டுக் கொல்லையில் அதே பாடம் நடந்தபோது, பிஸ்கட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

காதுகுத்து நாள் வந்தது. சாத்தூரைத் தாண்டி இருக்கன்குடி போகிற வழியில் எங்கள் கோயில். கம்பெனி வேனில் லோடு லோடாக சொந்தக்காரர்கள் இறங்கினார்கள். வேப்பமரத்தடியில் மசாலா அரைபட்டது. அண்டாவில் உலை ஏறியது. கிடாவுக்கு மாலை போட்டு சாமி முன்னால் நிறுத்தி, பூசாரி தண்ணீர் தெளித்தார்.

கிடா அசையவில்லை.

மறுபடி தெளித்தார். ம்ஹூம். பெரிய மாமா குடத்தை வாங்கி மொத்தமாகக் கவிழ்த்தார். தண்ணீர் காது வழியாகச் சொட்டியது. காதுகூட ஆடவில்லை. பரீட்சை ஹாலில் உட்கார்ந்த நல்ல மாணவன் மாதிரி நேராகப் பார்த்தபடி நின்றது.

கூட்டத்தில் குசுகுசுப்பு. பெரிய மாமா திரும்பினார். "சாமி உத்தரவு குடுக்க மாட்டேங்குறாரு. வீட்டுல ஏதோ குத்தம் நடந்திருக்கு. யாரு என்ன பண்ணியிருந்தாலும் இப்பவே சொல்லிருங்க."

எல்லார் கண்ணும் என் மேல்தான். வெளியிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதானே. இன்றைக்கு இது நடக்காவிட்டால், பிள்ளைக்கு நாளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் பழி என் தலையில் என்று புரிந்தது. நான் நடுங்கினேன். அதில் பாதி அந்தக் கிடா நடுங்கியிருந்தால் பந்தியே முடிந்திருக்கும்.

நல்லவேளை, சாமி பயம் எனக்கு மட்டும் இல்லை. "அண்ணி பட்டுச்சேலையில காப்பியக் கொட்டுனது நான்தான்" என்று நாத்தனார் விசும்பினாள். தண்ணீர் தெளித்தார்கள். அசைவில்லை. "வெளக்குக்கு வச்சிருந்த நெய்யில தோசை சுட்டுத் தின்னுட்டேன்" என்றார் என் கணவர். தெளித்தார்கள். அசைவில்லை. கடைசியில் மாமியார் பெரிய மாமாவை ஒரு பார்வை பார்த்தார்.

"அத்தான், நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"சுகர் கூடாதுன்னு டாக்டர் சொன்ன பெறகும்…" அவர் தொண்டையைச் செருமினார். "பஜாருக்குப் போறப்ப… அல்வா…"

"எப்பயாச்சுமா?"

"தெனந்தோறும்."

தெளித்தார்கள். கிடா அதற்கும் மசியவில்லை. அப்போதுதான் நான் கைகூப்பி, "சிலுப்பிரு ராசா" என்று அழ ஆரம்பித்தேன். என் சேலையை யாரோ இழுத்தார்கள். அபி.

"அம்மா, அழாத. அது சிலுப்பாது. நான் சொல்லிக் குடுத்திருக்கேன்ல?"

சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். அதுவரை சிலையாக நின்ற கிடா, லபக்கென்று வாங்கித் தின்றுவிட்டு, அடுத்ததற்காக மீண்டும் சிலையாக நின்றது.

தம்பி செந்தில் நழுவி வேனுக்குப் பின்னால் போய்விட்டான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, அறிவியல்ல இதுக்கு என்ன பேருன்னா…" என்று ஆரம்பித்தேன். கணவர் என் கையைக் கிள்ளினார்.

"சின்னப்புள்ள வெளாட்டு. இது செல்லாது. கிடாவப் பிடிங்கலே!" என்றார் பெரிய மாமா.

அபி கிடாவின் முன்னால் வந்து நின்றாள். விரலை நீட்டினாள். டாக்டரம்மாவின் அதே தோரணை.

"ஐயா! கேள்விய அதுட்ட கேட்டீக. பதிலையும் அதுட்டயே வாங்கிக்கங்க. அசைக்கலைன்னா சம்மதம் இல்ல. இதுகூடவா உங்க கிரகத்துல கெடையாது?"

என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன். அப்போது, எந்தத் தியேட்டருக்கும் போயிராத என் மாமியார் வாயைத் திறந்தார்.

"புள்ள சொல்றது நியாயந்தான அத்தான். உத்தரவு கேட்டோம், வரல. வராட்டியும் வெட்டுவோம்னா எதுக்கு இம்புட்டுத் தண்ணி? நம்ம ஊருல கொழாயில தண்ணி வர்றதே அபூர்வம். நேந்துகிட்டது நானு. கிடாவ சாமி பேருக்கு உசுரோட விட்டுருவோம்."

"வந்தவுகளுக்கு என்னத்தப் போட?" பெரிய மாமாவுக்குக் குரல் உடைந்துவிட்டது.

"மசாலா அரைச்சாச்சுல்ல? கத்தரிக்காயைப் போடுங்க."

அன்றைக்கு மருமகளாக இல்லாமல் ரசிகையாக இருந்திருந்தால் நானும் விசிலடித்திருப்பேன். அடுத்து காது குத்த ஆசாரி ஊசியை எடுத்தார். வேனுக்குப் பின்னாலிருந்து இழுத்து வரப்பட்ட தாய்மாமன் செந்திலின் மடியில் அபி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "என்ன தாயி, குத்தலாமா?" தலை அசையவில்லை. பெரிய மாமா பதறினார்: "இதுக்கும் கத்தரிக்காயா?" கிடா நம்ம வேனிலேயே திரும்பி வரும் என்று மாமியார் வாக்குக் கொடுத்த பிறகுதான் அபி தலையை அசைத்தாள்.

டாக்டர் என்று பெயர் சூட்டப்பட்ட அந்தக் கிடா, எங்கள் கொல்லையில் பழைய காலண்டர்களைத் தின்று, கிழடாகித்தான் போய்ச் சேர்ந்தது. அந்தக் கோயிலுக்கு வந்துவிட்டு ஆட்டுக்கறி மசாலாவில் கத்தரிக்காய் தின்றவர்கள் என்னை இன்னும் மன்னிக்கவில்லை. எதையாவது மறுக்க வேண்டுமென்றால் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் "கத்தரிக்காய்" என்றுதான் சொல்வோம். வீட்டில் எதையும் என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது என்ற வழக்கமும் அன்றைக்குப் பிறகு வந்ததுதான்.

போன மாதம் அபியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், சிவகாசியில் சொந்தமாகப் பிரஸ். மாப்பிள்ளையின் அம்மா சிரித்தபடி, "பொண்ணுக்குச் சம்மதந்தான?" என்றார். நான் வழக்கம்போல, எது சரி எது தப்பு என்று தெரியாமல் சேலை நுனியை முறுக்கினேன். பெரிய மாமாவுக்கு இப்போது பார்வை மங்கல். கண்ணாடியை ஏற்றிவிட்டு அபியை உற்றுப் பார்த்தார். அவள் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கம்மல்கூட ஆடவில்லை.

பெரிய மாமா பெருமூச்சுவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏலே, யாராச்சும் போயி கத்தரிக்காய் வாங்கிட்டு வாங்க."